எல்லோருக்கும் கேட்ட பெயர்

தாழைமுனையில் எல்லோருக்கும் கேட்ட அந்தக் குரல், அது யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதோ அவளுக்கு மட்டும் கேட்கவில்லை. அவள் பெயர் செலஸ்டீன். ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த பொனவெந்தூருக்கும், வீடு வீடாக நடக்கும் அன்பிய ஜெபக் கூட்டங்களில் ஜெபமாலையை முன்னின்று சொல்லும் ஜெசிந்தாவுக்கும் ஒரே மகள். தூத்துக்குடியில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள்.

ஆடிக்காற்று மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு புதன்கிழமை, கல்லூரியிலிருந்து வந்த பஸ் சிலுவை நட்ட குருசடி நிறுத்தத்தில் நின்று, அவளும் அவள் சிநேகிதி பிரிஸ்காவும் இறங்கியபோது மணி நாலு முப்பத்தைந்து. வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் வலையை அப்படியே விட்டுவிட்டு, டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸைக் கையில் பிடித்தபடியே, ரேஷன் கடை வரிசையில் நின்றவர்கள் வரிசை கலையாமலே, எல்லோரும் ஒரே நேரத்தில் கடலைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். செலஸ்டீன் துப்பட்டாவை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். உடையில் ஏதாவது கறை பட்டிருக்கிறதோ என்று பின்பக்கம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“ஏட்டி, ஒன்னய யாரோ கூப்பிடுதாவ” என்றாள் பிரிஸ்கா.

“யாரு?”

“தெரியல. கடல்ல இருந்து.”

“கடல்ல யாரு இருக்கா என்னைக் கூப்பிட?”

“அதான் தெரியலங்கேன். நல்லா இழுத்து, செலஸ்டீ...ன்னு. ஒனக்குக் கேக்கலயா?”

காற்றில் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு செலஸ்டீன் வீட்டுக்கு நடந்தாள். மறுநாளும் நாலு முப்பத்தைந்துக்கு அந்தக் குரல் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை எடுக்கவில்லை, மழைக்கு ஒதுங்கவில்லை, காதைப் பொத்திக்கொண்டாலும் பொத்தாத அதே அளவில் கேட்டது, கோயிலுக்குள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாலும் கரையில் நிற்பவர்களுக்குக் கேட்ட அதே அளவில் கேட்டது, பத்து மைல் தள்ளிக் கடலில் கிடந்த வள்ளக்காரர்களுக்கும் தோளருகே நின்று கூப்பிட்டதுபோலக் கேட்டது. ஒருநாளைக்கு ஒரு தரம். பெயர் மட்டும்தான். என்ன செய்ய வேண்டும் என்றோ, எங்கே வர வேண்டும் என்றோ அது ஒரு நாளும் சொல்லவில்லை.

தாழைமுனை அதற்காக ரொம்பநாள் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருக்கவில்லை. கிழக்கே கடலும் மேற்கே உப்பளமுமாக இருக்கிற ஊரில், வருகிறதை வாங்கி ஓரிடத்தில் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பதுதான் வழக்கம். முதல் வாரம் பயந்தார்கள். இரண்டாவது வாரம் மெழுகுவர்த்தி கொளுத்தினார்கள். மூன்றாவது வாரம் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் சாயங்கால மணியடிப்பதை நிறுத்திவிட்டு, குரல் வந்ததும் பிள்ளைகளை விட்டுவிடச் சொன்னார். தூங்காத கைப்பிள்ளைகளை அந்த நேரம் பார்த்துத் தொட்டிலில் போட்டால் தூங்கின. டீக்கடை மிக்கேல் அந்தக் குரலுக்கு முன்னால் ஒரு வடைச்சட்டி, பின்னால் ஒரு வடைச்சட்டி என்று கணக்காகப் போட ஆரம்பித்தான். செல்போனில் பதிவுசெய்து பார்த்தவர்களுக்குக் காற்றிரைச்சல்தான் கிடைத்தது. உப்பளத்துக்கு லாரி கொண்டுவரும் காயல்பட்டினத்து பாய்மார்களும், திருச்செந்தூருக்கு நடந்துபோகிற பக்தர்களும் குருசடியருகே நின்று கேட்டுவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போனார்கள். எல்லோருக்கும் கேட்டது. ஆனால் எந்த இரண்டு பேருக்கும் அது ஒரே மாதிரிக் கேட்கவில்லை. மிக்கேலுக்கு அவன் செத்துப்போன பெண்சாதியின் குரல், ஜெசிந்தாவுக்கு மாதாவின் குரல், பிரிஸ்காவுக்குத் தண்ணீருக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுகிற மாதிரி.

இவர்களைவிட, பிறவியிலேயே காது கேளாத தொம்மைக்கு அது கேட்டதுதான் பெரிய விஷயம். கிழிந்த வலையைப் பொத்துகிற வேலை செய்துகொண்டு ஐம்பது வருஷமாக ஒரு சத்தமும் அறியாமல் இருந்த மனிதன், முதல் நாள் கையிலிருந்த ஊசியைப் போட்டுவிட்டு மணலில் குப்புற விழுந்தானாம். அதற்குப் பிறகு தினமும் நாலு மணிக்கே பொனவெந்தூர் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டான். உலகத்தில் சத்தம் என்று இருப்பதே அது ஒன்றுதான் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். கேட்டுக் கேட்டு, வாயைக் கோணிக் கோணிப் பழகி, மார்கழிக்குள் “செத்தீன்” என்று சொல்லக் கற்றுக்கொண்டான். அது ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்த வார்த்தை. பசித்தாலும் அதைத்தான் சொன்னான், வெயிலானாலும் அதைத்தான் சொன்னான்.

கன்னியர் மடத்துக்குப் போவதைப் பற்றி செலஸ்டீன் யாருக்கும் தெரியாமல் யோசித்துக்கொண்டிருந்தது, இந்தக் குரலுக்கெல்லாம் ஒரு வருஷம் முந்தைய கதை. இரண்டாம் ஆண்டில் பாளையங்கோட்டையில் மூன்று நாள் இறையழைத்தல் முகாம் ஒன்றுக்கு, பிரிஸ்கா கூப்பிட்டாளே என்றுதான் போனாள். போன இடத்தில், சாப்பாடு முடிந்து பதினைந்து சிஸ்டர்மார்கள் வரிசையாக நின்று பேசாமல் தட்டுக் கழுவியபோது இவளும் போய் நின்று கழுவினாள். தண்ணீர் விழுகிற சத்தமும் தட்டோடு தட்டு முட்டுகிற சத்தமும் தவிர வேறு ஒன்றுமில்லாத அந்தக் கால் மணி நேரத்தில், இப்படியே இருந்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அவ்வளவுதான். ஒளி தெரியவில்லை, அழுகை வரவில்லை. முகாமை நடத்திய சிஸ்டர் எவரிஸ்டா, ஸ்கூட்டரில் ஊர் ஊராக அலைந்து எப்போதும் அவசரத்தில் இருக்கிறவர், அன்று மட்டும் அவசரப்படாமல், “அதுக்கு இப்பவே ஒரு பேர் வைக்காத. படிப்பை முடி. அந்த நெனப்பு கூடவே வருதான்னு பாரு” என்றார். கூடவே வந்தது. சில நாள் வரவும் இல்லை. கல்லூரியில் சங்குப் பூச்சி இடும் முட்டைக் கூடுகளை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருக்கிற நாட்களில், எம்.எஸ்சி. படித்து இதையே பார்த்துக்கொண்டிருக்கலாமே என்றும் தோன்றியது. துறைத் தலைவி அவளுக்காக ஓர் இடம் பார்த்து வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். இரண்டு ஆசைகளையும் இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு எடை பார்த்தபடி அவள் நிம்மதியாகத்தான் இருந்தாள்.

குரல் வந்த பிறகு யாரும் எதையும் எடை பார்க்கவில்லை. கடலிலிருந்து ஒரு பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எதற்குக் கூப்பிடுவார்கள் என்று தாழைமுனைக்குத் தெரியும், கன்னியர் மடத்துக்குத்தான். பங்குச்சாமி லாசர் பூசையில் அவள் பெயரைச் சொல்லாமலே அவளைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். ஆயர் இல்லத்திலிருந்து மூன்று குருக்கள் காரில் வந்து, கேட்டு, டீ குடித்து, “பெயர் அழைக்கப்படுவது உண்மை, அழைப்பவர் யாரென்று உறுதி செய்ய இயலவில்லை, பொறுத்திருக்கலாம்” என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். ஊர் அதில் முதல் வரியை மட்டும் வாசித்தது.

பிறகு மெல்ல மெல்ல, யாரும் சொல்லிவைத்துக்கொள்ளாமலே, அவள் பெயரைச் சொல்வதை ஊர் விட்டுவிட்டது. ஆண்டவர் வாயால் சொல்கிற பெயரை மீன் விற்கிற வாயால் எப்படிச் சொல்வது? “ஏட்டி” போய் “வாங்க” வந்தது. அவளைவிட மூத்த பொம்பிளைகள் அவள் வந்தால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். பிரிஸ்கா, பஸ்ஸில் தினமும் யார் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று காதுக்குள் சொல்லிச் சிரிப்பவள், இப்போது ஜன்னல் பக்கம் இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். ஜெசிந்தாகூட “பிள்ளை சாப்பிட்டாச்சா”, “பிள்ளை வந்தாச்சா” என்றுதான் கேட்டாள். இப்படியாக, அந்த ஊரில் செத்தது பிழைத்தது எல்லாவற்றுக்கும் கேட்ட அந்தப் பெயர் அந்தப் பெயருக்கு உரியவளின் காதில் மட்டும் ஒரு பக்கமிருந்தும் விழாமல் போயிற்று. காலையில் கல்லூரியில் வருகைப்பதிவு எடுக்கிறபோது ஒருதரம் விழும். அதற்காகவே அவள் ஒருநாளும் லீவு போடவில்லை.

கேட்க அவள் முயற்சி செய்யாமல் இல்லை. நாலு முப்பத்தைந்துக்கு அலை வந்து தொடுகிற இடத்தில் நின்று பார்த்தாள், ஈர மணலில் காதை வைத்துப் படுத்துப் பார்த்தாள், சுத்த உபவாசம் இருந்து பார்த்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றபோது சுற்றிலும் எல்லோருடைய முகமும் ஒரே கணத்தில் மலர்வதை மட்டும் பார்த்தாள். தூத்துக்குடியில் காது டாக்டர் ஒருவரிடம், காதில் வலி என்று பொய் சொல்லிக் காட்டினாள். அவர் கருவிகளையெல்லாம் மாட்டிப் பார்த்துவிட்டு, “ஒங்களுக்குப் பாம்புச் செவிம்மா, ஒரு கொறையும் இல்ல” என்று அனுப்பிவிட்டார்.

தை மாதம் சிஸ்டர் எவரிஸ்டா வந்தார். கரையில் நின்று தன் காதாலேயே கேட்டுவிட்டு, வெள்ளை அங்கியோடு மணலில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவளைக் கோயிலின் பூசைச் சாமான் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

“செலஸ்டீன்” என்றார். ஊருக்குள் அந்தப் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிட்டு எத்தனை மாதம் ஆயிற்று! அவளுக்குக் கண் நிறைந்தது. சிஸ்டர் அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டார்.

“எனக்குக் கேட்டது பெருசில்ல. ஒனக்கு அது எப்படிக் கேக்குது?”

ஜன்னலுக்கு வெளியே அவள் அம்மாவும் நாற்பது பெண்களும் மணலில் முழங்காலிட்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் தொம்மை, எதற்கென்று தெரியாமல் அவனும் கைகூப்பி இருந்தான். கேட்கவில்லை என்ற ஒரு சொல்லைச் சொன்னால் இவர்கள் எல்லோரும் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு போக வேண்டியதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அதுகூட இல்லை. சாராயம் குடிக்கிறவன், பெண்சாதியை அடிக்கிறவன், கோயில் பக்கமே வராதவன், காதே கேளாதவன் எல்லோருக்கும் எட்டுகிற குரல் தனக்கு மட்டும் எட்டவில்லை என்றால், தன்னைக் கூப்பிடுகிறவருக்குத் தான் வேண்டாம் என்றுதானே அர்த்தம்? அதை வாயைத் திறந்து சொல்லிவிட்டால் அது உண்மையாகிப்போகும்.

“கேக்குது சிஸ்டர்” என்றாள்.

“எந்த மாதிரி?”

“தண்ணிக்குள்ள இருந்து கூப்பிடுற மாதிரி.”

“பயமா இருக்கா?”

“இல்ல சிஸ்டர்.”

மூன்றும் பொய். சிஸ்டர் எவரிஸ்டா அவள் நெற்றியில் சிலுவை வரைந்தார்.

பரீட்சை முடிந்து ஜூன் மாதம் தாழைமுனையே திரண்டு அவளை மடத்துக்கு வேனில் ஏற்றி அனுப்பியது. பாண்டு வாத்தியம் வைத்தார்கள். வள்ளங்களில் கொடி கட்டினார்கள். துறைத் தலைவியிடம் அவள் போய்ச் சொல்லக்கூட இல்லை. அவர் பார்த்து வைத்திருந்த இடம் வேறு யாருக்கோ போயிற்று. வேன் புறப்படும்போது பொனவெந்தூர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஏதோ கேட்க வந்து, கேட்காமல், “ஐஸ் தண்ணி குடிக்காதம்மா, தொண்டை கட்டும்” என்றார்.

சிறுமலை அடிவாரத்தில் இருந்தது பயிற்சி இல்லம். முதல் நாள் நாலு முப்பத்தைந்துக்கு அவள் தோட்டத்தில் வெண்டைச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே மற்றவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒருவரும் நிமிரவில்லை. ஒருவரும் திரும்பவில்லை. நாலு நாற்பது ஆனது, ஐந்து ஆனது, ஜெபத்துக்கு மணி அடித்தது. குரல் நின்றுவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. வந்துவிட்டேன், அதனால் நின்றுவிட்டது. கேட்காமல் போனாலும் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறேன். அந்த நினைப்பின் மேல் அவள் நாலு வருஷம் வீடு கட்டிக் குடியிருந்தாள். கெட்ட வீடு என்று சொல்ல முடியாது. தட்டுக் கழுவினாள், ஆஸ்பத்திரியில் கிழவிகளுக்குத் தலை வாரிவிட்டாள், மாடு கன்று போட்டபோது கூட நின்றாள், சிரித்தாள். அங்கே ஏற்கெனவே ஒரு செலஸ்டீன் இருந்ததால் இவளை அமலி என்று கூப்பிட்டார்கள், அதற்கும் பழகிக்கொண்டாள். அம்மா மாதாமாதம் கடிதம் எழுதினாள். ஊரில் பிறந்த பெண்பிள்ளைகளில் மூன்று பேருக்கு உன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள், ஞானஸ்நானம் நடந்தது, சுறா நல்லபடியாக வலையில் படுகிறது என்றெல்லாம் எழுதிவிட்டு, ஒவ்வொரு கடிதத்தையும் “பிள்ளை கேட்டுக்கொண்டிருப்பதையே நாங்களும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்” என்று முடிப்பாள். வேண்டுதலைத்தான் அம்மா அப்படிச் சொல்கிறாள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கன்னியாஸ்திரியாக முதல் வார்த்தைப்பாடு, அதாவது துறவற வாக்கு, கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள், ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். அப்பா நரைத்திருந்தார். அம்மா பட்டுப்புடவை கட்டியிருந்தாள். தொம்மையும் வந்திருந்தான், வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டவனை இறக்க முடியவில்லையாம். எல்லோரும் மாமரத்தடியில் உட்கார்ந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த மக்ரூனும் மஸ்கோத்து அல்வாவும் தின்றுகொண்டிருந்தபோது, தொம்மை சட்டென்று எழுந்தான். தென்கிழக்கே பார்த்து நின்றான். கையைக் காதோரம் குவித்து வைத்தான். அவன் முகம் வழக்கமாக மலர்கிற மாதிரி மலரத் தயாராகி, அப்படியே நின்று, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கலங்கிப்போயிற்று. அவளிடம் ஓடி வந்தான். அங்கியின் கையைப் பிடித்து இழுத்து, காதைக் காட்டி, வெறும் உள்ளங்கையைக் காட்டி, “செத்தீன்? செத்தீன்?” என்று கேட்டான். எங்கே போயிற்று என்று கேட்டான். அவள் இருக்கிற இடத்தில் அது இன்னும் பலமாகக் கேட்கும் என்று நம்பித்தான் அவன் வேனில் ஏறியிருக்கிறான்.

மணிக்கூண்டில் நாலு முப்பத்தைந்து.

“அப்பா” என்றாள் அவள். “ஊர்ல இன்னும் கேக்கா?”

பொனவெந்தூர் கையிலிருந்த மக்ரூனைக் கீழே வைத்தார். “கேக்குதேம்மா. என்னைக்கு நின்னுச்சு?”

“நான் வந்த பொறவுமா?”

“நீ வேன்ல போன அன்னைக்கே கேட்டுச்சு. நின்னுரும்னு எல்லாரும் நெனச்சுக்கிட்டு நின்னோம். வழக்கம்போலக் கேட்டுச்சு. நேத்தைக்கும் கேட்டுச்சு.”

“ஏம்ப்பா எங்கிட்டச் சொல்லல?”

“நீ கேக்குதுன்னு சொன்னியேம்மா.” அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “ஒனக்குக் கேட்டுக்கிட்டு இருக்கதை நாங்க வேற கடுதாசி போட்டுச் சொல்லணுமான்னுதான்... போனவள இன்னும் எதுக்குக் கூப்பிடுதுன்னு எனக்கு மனசு அடிச்சுக்கிட்டுதான் கெடந்துச்சு. வேற எதுக்கோ கூப்பிடுதோ, என்னத்துக்கோன்னு. சரி, பிள்ளைக்குத் தெரியும், பிள்ளை கேட்டுத்தான போயிருக்கான்னு விட்டுட்டேன்.”

“எனக்கு ஒருநாளும் கேட்டதில்லப்பா.”

ஜெசிந்தா அல்வாப் பொட்டலத்தை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள். “மொதல்லயே சொல்லியிருந்தா நாங்க என்ன செஞ்சிருக்கப்போறோம் ஒன்னய?” என்றாள் கடைசியில், யாரையும் பார்க்காமல். என்ன செய்திருப்பார்கள் என்று அவள் மகளுக்கும் தெரியாது. ஒன்றுமே செய்யாமலும் இருந்திருக்கலாம்.

சிஸ்டர் எவரிஸ்டா அப்போது அந்த இல்லத்தின் தலைவியாக இருந்தார். அலுவலக அறையில் முழுவதையும் கேட்டார்.

“குரலை விடு” என்றார். “இந்த வாழ்க்கை ஒனக்கு வேணுமா? அதை மட்டும் சொல்லு.”

“தெரியல சிஸ்டர். தட்டுக் கழுவினப்போ வேணும்னு இருந்துச்சு. அது நெசம். அந்தக் கொரல் வராம இருந்திருந்தா நானே நடந்து வந்திருப்பேனோ என்னமோ. வராமலும் இருந்திருப்பேன். அதுக்கப்புறம் யாரும் என்னைக் கேக்கல. நானும் என்னைக் கேக்கல.”

“நான் கேட்டேனே.”

“நீங்க கொரலைப் பத்திக் கேட்டீங்க சிஸ்டர்.”

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். “ஆமா” என்றார். “நானும் அதைத்தான் கேட்டேன்.” பிறகு வேறு யாரிடமோ சொல்வதுபோல, “எனக்கு அது எங்க அப்பா கொரல்ல கேட்டுச்சு. நான் மடத்துக்கு வந்த பொறவு அவர் எங்கிட்டப் பேசவே இல்ல. அதனால நான் சரியா விசாரிக்கல” என்றார்.

மறுநாள் வார்த்தைப்பாட்டுப் பூசையில் எட்டுப் பேருக்குப் பதில் ஏழு பேர் நின்றார்கள். செலஸ்டீன் ஒரு பழைய சேலையைக் கட்டிக்கொண்டு, அதே வேனில், அம்மாவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் உட்கார்ந்து ஊருக்குத் திரும்பினாள். வழி முழுக்க ஒருவரும் ஜெபமாலை சொல்லவில்லை.

வேனுக்கு முன்னாலேயே செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. நாலு மணிக்குக் குருசடியருகே இறங்கியபோது ஊர் முழுக்க அங்கே நின்றது, திட்டுவதற்கு அல்ல, என்ன நடக்கப்போகிறது என்று பார்ப்பதற்கு. அவளும் அவர்களோடு கடலைப் பார்த்து நின்றாள். இந்த ஒரு தரமாவது கேட்டுவிடும் என்று அவள் நம்பினாள். கேட்டால் இங்கேதான் கூப்பிட்டது என்று தெரிந்துபோகும். நாலு முப்பத்தைந்து ஆயிற்று. அவள் யாருடைய முகத்தையும் பார்க்காமல் அலையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. சரி, வழக்கம்போல எனக்கு மட்டும்தான் என்று நினைத்துத் திரும்பியபோது, எல்லோரும் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, இன்னும் காத்துக்கொண்டிருந்தார்கள். வடைச்சட்டி காய்ந்து புகைந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தன.

அன்றைக்கு வரவில்லை. மறுநாள் வரவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் வரவில்லை.

ஊர் இதையும் வாங்கி ஓரிடத்தில் வைத்துவிட்டது. வீட்டுக்குத் திரும்பச் சொல்லித்தான் கூப்பிட்டது, திரும்பிவிட்டாள், நின்றுவிட்டது என்றார்கள் சிலர். பொய் சொன்னவளைக் கைவிட்டுவிட்டது என்றார்கள் சிலர். சாமிக்கே அலுத்துப்போயிருக்கும் என்றான் மிக்கேல். தங்கள் பிள்ளையையும் ஒருநாள் அந்தக் குரல் கூப்பிடாதா என்று ஏங்கியிருந்த தாய்மார்கள் தெருவில் அவளைக் கண்டால் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். பெரிய டீச்சர் தூத்துக்குடியிலிருந்து மின்சார மணி வாங்கி மாட்டினார். தொம்மை மட்டும் ஒன்பது நாள் கரையில் உட்கார்ந்திருந்தான். பத்தாவது நாள் செலஸ்டீன் அவன் எதிரில் போய் உட்கார்ந்து, அவன் கையைப் பிடித்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு, தன் பெயரைத் தானே உரக்கக் கத்தினாள். ஒருதரம் இல்லை, தொண்டை கட்டுகிறவரை. அவன் அவளுடைய உதட்டைப் பார்த்தான், தொண்டையில் நடுங்கியதைத் தொட்டுப் பார்த்தான், பிறகு குழந்தைக்குச் செய்கிற மாதிரி அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு எழுந்து வலை பொத்தப் போனான். அதன் பிறகு அவன் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

பங்குப் பள்ளிக்கூடத்திலேயே அவளுக்கு அறிவியல் டீச்சர் வேலை கிடைத்தது. சிஸ்டர் எவரிஸ்டா ஒரு கடிதம் போட்டிருந்தார்: நீயாக வருவதென்றால் எப்போதும் வரலாம். அதற்கு மூன்று தரம் பதில் எழுதி மூன்று தரமும் கிழித்துவிட்டாள். நீயாக என்பது யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. கூப்பிடாமல் விட்டிருந்தால் தானாகப் போயிருப்போம் என்று சில நாள் நிச்சயமாகத் தோன்றும். அன்று முழுக்க மனது பயிற்சி இல்லத்து மாமரத்தடியிலேயே நிற்கும். வேறு சில நாள் வகுப்பில் சங்கின் படத்தைப் பலகையில் வரையும்போது, படிக்காமல் விட்ட எம்.எஸ்சி. நினைவுக்கு வந்து சுண்ணாம்புக்கட்டி நின்றுபோகும். கேட்கவில்லை என்ற ஒரு சொல். அதைத் தை மாதமே சொல்லியிருந்தால் இந்த இரண்டில் ஒன்றாவது தன்னுடையதாக இருந்திருக்கும் என்பது மட்டும் எல்லா நாளும் தோன்றும்.

பெயர் சொல்லாத வழக்கம் அவள் வந்த பிறகும் ஊரைவிட்டுப் போகவில்லை. முன்பு பயத்தால் சொல்லாதவர்கள் இப்போது கூச்சத்தால் சொல்லவில்லை. டீச்சர் என்றார்கள். வீட்டில் பிள்ளை என்றார்கள். அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பேசப் பழகியிருந்தார்கள். சாயங்காலங்களில் தெருவில், நாலு வயது, மூன்று வயது, இரண்டு வயதுச் செலஸ்டீன்களை அவர்களுடைய அம்மாமார் கூப்பிடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். முதலில் ஒவ்வொரு தரமும் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நிமிர்வதில்லை.

இரண்டு வருஷம் கழித்து, ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், அவள் உள்ளறையில் உட்கார்ந்து பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். வானம் திடீரென்று இருட்டி, பொட்டுப்பொட்டாக மழை விழ ஆரம்பித்தது.

“செலஸ்டீன்!”

தெருவில் யாரோ பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள் என்று அடுத்த தாளை எடுத்தாள்.

“செலஸ்டீன்! ஏட்டி, கொடியில துணி நனையுது, எடுத்துப் போடு!”

அடுக்களையிலிருந்துதான் வந்தது. கையில் மீன் செதில் ஒட்டியிருக்க, அரிவாள்மணையை விட்டு எழ முடியாமல், வேறு எதையும் நினைத்துப் பார்க்க நேரமில்லாமல் அம்மா கூப்பிட்டிருக்கிறாள். ஏழு வருஷத்துக்குப் பிறகு. தான் கூப்பிட்டது அம்மாவுக்கே தெரிந்திருக்காது.

“இந்தா வாறேம்மா” என்பது அவள் தொண்டைவரை வந்தது. அவள் அதை விழுங்கிக்கொண்டாள். பேனாவைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தாள். மழை வலுத்து, கொடியில் கிடந்த சேலைகளிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தும், அவள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, இன்னும் ஒருதரம் கூப்பிடட்டும் என்று அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.